ஆறு வாரத்துக் கூர்

2024 ஜூலை 14, ஞாயிறு காலை ஏழு மணி, கொரட்டூர். ஆறு வாரமாகத் தானே தீட்டிப் பழகும் சவரக்கத்தியை, பால்கனி வெயிலில், செல்வின் முன்கை மேல் ஓட்டுகிறான். முதன்முறையாக முடி சத்தமில்லாமல் உதிர்கிறது. “தப்ரேஸ், வந்து பார்றா! கை வந்துடுச்சு!” அறைத்தோழன் டீயை உறிஞ்சியபடி சிரிக்கிறான். “கிழிச்சே. நேத்து நீ வெளிய போனப்போ நான்தான் சலூன்ல குட்த்து தீட்டிகினு வந்தேன். தெனம் கன்னத்தக் கீறிக்கினு நிக்கிறியே மச்சான், பாவமா இருந்துச்சு. கத்தியோட முதுகக் கல்லுல படவிடாம தூக்கித் தேய்ச்சிருக்கான்னு அந்த அண்ணாத்தே ஒரே சிரிப்பு.” தீட்டுக்கல்லின் மேல் தண்ணீர் காய்ந்துகொண்டிருக்கிறது. செல்வின் கத்தியின் கூர்விளிம்பைக் கல்லில் செங்குத்தாக ஊன்றி, மழுங்கட்டும் என்று இரண்டு முறை அழுத்தி இழுக்கிறான். மறுபடியும் முன்கையில் ஓட்டிப் பார்க்கிறான். ஒரு முடிகூட வெட்டுப்படவில்லை.