ஆறு நட்டுகள்

“நான் செல்வின். வயசு இருபத்தாறு. நாடாளுமன்றக் கட்டடத்துல மூணாவது மாடியில இருக்கேன்” என்று போனிடம் சொன்னான். அது எழுத்தாகி ஊருக்குப் போகும். வீட்டிலுள்ள ஒரே போன் யார் கையில் இருக்குமோ தெரியாது. அதனால் எப்போதும் இப்படித்தான் தொடங்குவான். இன்று அதோடு போனை வைத்துவிட்டான்.

காலையில் கூட்டணி அரசு கவிழ்ந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் அடுத்த வாரம் வாக்கெடுப்புக்கு வரவேண்டியது. ஊரில் அவன் மனைவி ஜெபா பெட்டியே கட்டிவிட்டாள்.

கூட்டணியின் மூன்று கட்சிகளும் உட்கார மூன்று மேசைகளை நட்டுகளால் பூட்டி ஒன்றாக்கியிருந்தார்கள். இப்போது அதைக் கழற்ற வேண்டும்.

“வரியைக் கூட்டுறதோ கடன் வாங்குறதோ எண்டு மூண்டு வருசமாச் சண்டை. கோப்பி மட்டும் ஒண்டாக் குடிச்சவங்கள்” என்றார் மேற்பார்வையாளர் குகன்.

“அப்போ அந்தச் சட்டம் அவ்வளவுதானாண்ணே?”

குகன் மேசைக்கடியிலிருந்து கையை நீட்டி, ஆறு நட்டுகளை அவன் உள்ளங்கையில் வைத்தார். “துலைச்சுப்போடாதை தம்பி. தேர்தல் முடிய இதாலதான் திரும்பப் பூட்டோணும். இஞ்ச தனிய ஆட்சி நடத்த ஒரு கட்சிக்கும் போதிய ஆள் இல்லை. போனமுறை கழட்டினதும் நான்தான், பூட்டினதும் நான்தான்.”

செல்வின் அவற்றைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மேசையைத் தூக்கக் குனிந்தபோது நெஞ்சில் இடித்தன. தூக்கி வைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

“சட்டம் தள்ளிப் போயிருக்கு. நட்டு எங்கிட்டதான் இருக்கு. இத யாரு படிச்சாலும் ஜெபாகிட்ட சொல்லிருங்க, பெட்டியப் பிரிக்க வேண்டாம்.”