மூடிய கரம்பை

இராஜபாளையத்தில் மில் சாமான்களுக்குக் குரோமிய முலாம் பூசும் பட்டறை கண்ணபிரானுடையது. அதன் மஞ்சள் கழிவுநீர் பல வருஷமாகக் கண்மாயில் விழுந்தது. 1993இல், கண்மாய் மண்ணில் விஷம் ஏறிவிட்டதென்று அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். தெருப் பெண்கள் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் கறுப்புக் கரம்பை மண்ணையெல்லாம் ஆட்கள் கண்மாயிலிருந்து தோண்டி எடுத்து, பட்டறைக்குப் பின்னால் தொட்டியில் கொட்டி, கான்கிரீட் போட்டு மூடினார்கள். கண்மாயில் அடிச் செம்மண்தான் தெரிந்தது.

மூடிய அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கண்ணபிரானின் மனைவி பத்மாசனி மகளின் தலையில் கறுப்பாக எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஏது?" என்றார் கண்ணபிரான்.

"கரம்பைதான். எப்பவும் போல இவதான் கம்மாயில அள்ளிட்டு வந்தா. தண்ணி ஏன் மஞ்சளா இருக்குன்னு நான் கேட்டப்ப, ஒண்ணும் செய்யாதுன்னு நீங்கதான சொன்னிய?"

அவரால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்மாய்க்கு ஓடினார். செம்மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. பட்டறைக்குப் பின்னால் போனார்.

இறுகிய கான்கிரீட்டில், சேற்றில் அள்ளியதைப் போல, கைக்குழிகள் நிறைந்திருந்தன. விரல் தடங்கள்கூடத் தெரிந்தன. ஒன்று மட்டும் மகளின் கையளவு இருந்தது. அதில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

யாரும் பார்ப்பதற்குள் உள்ளங்கையால் மூடினார். விரலிடுக்கில் மஞ்சளாக வழிந்தது.