பசுவந்தனையில் புதைந்த கார்

இசக்கிமுருகன் அன்றைக்கு வாசித்துக் காட்டியதைக் கருத்தப்பாண்டி ஆறு வருஷமாக முழுசாக நம்பவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

வெளிநாட்டில் சக்கைப்போடு போட்ட ஒரு கார் நிகழ்ச்சியைத் தமிழில் எடுத்தார்கள். மூன்று பேர் விலை உயர்ந்த கார்களை ஓட்டிக்கொண்டு ஒருவரையொருவர் கிண்டலடிப்பார்கள். ஒரு வாரத்துக்காகப் பசுவந்தனைக்கு வந்தார்கள். அந்தக் கார்களைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவன் இசக்கிமுருகன்; ஓட்டப்பிடாரத்துக்காரன்.

காலையில் காமிராவோடு வந்து, தன் புஞ்சையில் நின்ற சம்சாரி கருத்தப்பாண்டியிடம் கேட்டார்கள்.

"ஐயா, இந்தக் காட்டுப் பாதையில கார் போகுமா?"

"தாராளமா போகும்" என்றார் கருத்தப்பாண்டி. தரை அப்போது காய்ந்து வெடித்துக் கிடந்தது.

அவர்கள் காற்றாலையையும் வானத்தையும் படம்பிடித்து முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது. நடுவில் அரைமணி நேரம் மழை கொட்டித் தீர்த்தது. கரிசலில் மழை விழுந்தால் வைத்த காலையே திரும்ப எடுக்க முடியாது. கார் எம்மாத்திரம்? முக்கால் சக்கரம் உள்ளே போய்விட்டது.

கூச்சல் கேட்டு ஓடிவந்த கருத்தப்பாண்டி, படப்பில் மாட்டுக்கு அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டையைக் கட்டுக் கட்டாக உருவி டயருக்கு அடியில் போட்டார். இசக்கிமுருகனோடு சேர்ந்து தோள் கொடுத்துத் தள்ளினார். கார் வெளியே வந்தது.

டிவியில் மழையே வரவில்லை. கருத்தப்பாண்டி "தாராளமா போகும்" என்கிறார். அடுத்த நொடி கார் புதைகிறது. உடனே கருத்தப்பாண்டி வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு, காலையில் அவர்கள் சொன்ன ஏதோ ஜோக்குக்குச் சிரித்தது. அத்தோடு நிகழ்ச்சி முடிந்துவிட்டது.

மறுநாள் டீக்கடையில், கடற்கரை என்கிற உள்ளூர்க்காரர் கிண்டலை ஆரம்பித்தார்.

"ஏ கருத்தப்பாண்டி, கோவில்பட்டி பஸ்ஸு எங்கன நிக்கும்? வேண்டாம், வேண்டாம்! நீ சொல்லாதே. நான் வேற ஆள்கிட்ட கேட்டுக்கிடுதேன்."

கடையே சிரித்தது. கருத்தப்பாண்டி பாதி டீயை வைத்துவிட்டு வந்தவர்தான், அப்புறம் வெளியே தலைகாட்டவில்லை.

"ஊரு சிரிச்சா சிரிக்கட்டுமே" என்றாள் மனைவி வெயிலுகந்தம்மாள்.

"ஊரு இல்லட்டி. வழி கேட்டவனைச் சகதியில இறக்கிட்டுச் சிரிச்சவன்னுல்ல உலகத்துக்கே காட்டிட்டான்! வானத்தைப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணுமோ? மழை வந்தா இறங்காதீயன்னு?"

ஒன்பதாம் நாள் இசக்கிமுருகன் பைக்கில் வந்து இறங்கினான்.

"அண்ணாச்சி, நெட்ல அந்த நிகழ்ச்சிக்குக் கமெண்டு எம்புட்டு வந்திருக்கு தெரியுமா? ஆயிரத்து இருநூறு!"

"என்னைய ஏசித்தான?"

"ஏசுதது எல்லாம் நிகழ்ச்சியை. 'வெள்ளைக்காரன் பாலைவனத்தையே தாண்டுனான், நம்மாளு பசுவந்தனையத் தாண்டலை'ன்னு போட்டிருக்கான் ஒருத்தன். ஒங்களை ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லலை. கேளுங்க."

போனைப் பார்த்து அரைமணி நேரம் வாசித்தான். பெரியவர் முகத்தில் கள்ளமே இல்லை என்று கோயம்புத்தூர் டீச்சர் எழுதியிருந்தார். மழை பெய்தால் அவர் என்ன செய்வார் என்று ஒரு மதுரை மெக்கானிக் சண்டைக்கு நின்றார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், 'மாட்டுக்கு வைத்திருந்த தட்டையை உருவிக் காருக்குப் போட்டாரே, அந்த மனசு யாருக்கு வரும்?' என்று கேட்டிருந்தார்.

வெயிலுகந்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் கருத்தப்பாண்டி டீக்கடைக்குப் போனார். "சிங்கப்பூர்ல நம்மளைப் பத்திப் பேசுதான்வே" என்றார். கடற்கரை தன் கணக்கில் அவருக்கு ஒரு டீ சொன்னார்.

அந்த டீ தீருவதற்குள்ளேயே சந்தேகம் வந்துவிட்டது. தட்டை போட்டது டிவியில் வந்ததா? வந்து, நாம்தான் கவனிக்கவில்லையோ? இசக்கிமுருகனிடம் கேட்டிருக்கலாம். கேட்டு, 'இல்லை' என்று ஆகிவிட்டால்? அந்தப் பயத்திலேயே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை, புதியம்புத்தூரில் தையல் வேலை பார்க்கும் மகள் வள்ளிமயில் வந்திருந்தாள். போனில் அந்தப் பழைய நிகழ்ச்சியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். கருத்தப்பாண்டி இரண்டு தடவை பார்த்தார். மழை இல்லை. தட்டையும் இல்லை.

"கீழ கமெண்டு கிடக்கும். வாசி தாயி."

வள்ளிமயில் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனாள். முகம் சிவந்துவிட்டது.

"வேண்டாம்ப்பா."

"ஒண்ணுகூடவா நல்லதா இல்லை?"

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வலிக்கும் என்றுதான் கருத்தப்பாண்டி நினைத்தார். வலிக்கவில்லை. ஆறு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எதுவோ எழுந்து போனதுபோல் இருந்தது. ஆயிரத்து இருநூறு பேருக்குக் காட்டாததைப் பக்கத்தில் நின்ற ஒருத்தன் பார்த்திருக்கிறான். பார்த்ததை மறக்காமலும் இருந்திருக்கிறான்.

மறுநாள் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினார். நிகழ்ச்சி அந்த வருஷமே நின்றுபோனதும், இசக்கிமுருகன் அங்கே வாட்டர் சர்வீஸ் போட்டிருந்தான். ஒரு காருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணாச்சி! வீட்ல எல்லாரும் சௌக்கியமா? டீ சொல்லுதேன்."

"இருக்கட்டும்டே. நேத்து மக போன்ல அந்தக் கமெண்டு எல்லாத்தையும் பார்த்தோம்."

இசக்கிமுருகன் தண்ணீரை நிறுத்தினான். தலை நிமிரவில்லை.

"அண்ணாச்சி... அன்னைக்கு நீங்க இருந்த இருப்பைப் பார்த்துட்டு..."

கருத்தப்பாண்டி அவனுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதை விடு. ஒன் கண்ணு அந்த ஏச்சையெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்கையில, வாயி எப்படிடே அம்புட்டு அழகா வேற ஒண்ணைச் சொல்லுச்சு?"