தோப்பில் கேட்ட அலறல்

விசாரிக்காமல் கைதட்டுவதே இப்போது ஜனங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

ஊர் உண்டான நாள் விழாவில் போதகர் முழங்கினார்: "மெதடிஸ்ட் முகாம் ஜெபம் முடிஞ்சு, இந்த ஓக் தோப்புல கூடாரங்களைப் பிரிச்சிட்டிருந்தாங்க. திடீர்னு ஒரு அம்மா அலறினாங்க. பரிசுத்த ஆவி இறங்கிட்டார்னு எல்லாரும் மண்டி போட்டாங்க. அப்புறம் ஒருத்தரும் வீட்டுக்குப் போகல. அதான் நம்ம ஊர்!"

"அல்லேலூயா!" என்று கூட்டம் கைதட்டியது.

முகாம் முடிந்த அந்த நாளில் நானும் அங்கே இருந்தேன்; காய்ச்சலில் கிடந்த மகளை டாக்டரிடம் கொண்டுபோகக் குதிரை பூட்டிக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டு ஓடினேன்.

"வழி விடுங்கய்யா!"

"ஆவியானவர் வந்திருக்கார், எங்க ஓடுறே சகோதரா?"

அலறியது என் மனைவி திர்சா. அவள் மடியில் பிள்ளை செத்துக் கிடந்தது.

விழா மேடைக்குப் போய்ப் போதகரிடம் இதைச் சொன்னேன்.

"பிள்ளைய எடுத்துக்கிட்டு கர்த்தர் ஒரு ஊரையே குடுத்திருக்காரே, பெரியவரே!"

"அப்போ ஊரை எடுத்துக்கிட்டு என் பிள்ளையக் குடுக்கச் சொல்லும்."

தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தேன்.