ஒளித்து வைத்த கிடா

"ஓரகத்தியோட புதுக் கிடா உங்க பட்டிக்கு வந்துச்சாம்மா?"

கால்நடை டாக்டர் பசவராஜ் கேட்டதும் வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்தக் கிடாவா? அதை என்ற கண்ணுலயே காட்டமாட்டாங்க, டாக்டரு. நஞ்சன்கூட்டு ஆளுக இந்த வழியாத்தானுங்க ஆடு ஓட்டிக்கிட்டுப் போனாங்க. அதுல ஒட்டியிருக்கோணும்."

மைசூர் விஜயநகர் புது வீடுகளுக்குப் பின்னால் இருந்த அந்தப் பட்டி பாதி காலி. மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி, கழிந்து கழிந்தே செத்தவை போக மிச்ச ஆடுகள் ஒடுங்கி நின்றன. ஆட்டுக்கொள்ளை நோய் என்று டாக்டர் பார்த்ததுமே சொல்லி, சளியும் ரத்தமும் எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பியிருந்தார்.

தெருக்கோடியில் ஓரகத்தி பாவாயியின் ஆடுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. வடிவுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

பாகம் பிரித்தபோது திருவுளச்சீட்டில் நல்ல கிடா பாவாயிக்குப் போனது. வடிவுக்கு வந்தது கிழடு. அது போதாதென்று பாவாயி இப்போது இன்னொன்று வாங்கியிருந்தாள். அதற்குத் தனிக் கொட்டகை, தனித் தொட்டி! கிட்டே போனாலே, "பக்கத்துல வராத வடிவு" என்று துரத்தல். கண் பட்டுவிடுமாம்!

பாவாயி மண்டி மொஹல்லா கடைவீதிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், வடிவு அந்தக் கிடாவை அவிழ்த்துத் தன் ஆடுகளோடு விட்டாள். பொழுது சாயுமுன் திரும்பக் கட்டிவிட்டாள். பிறக்கப்போகும் குட்டி நெற்றியில் அப்பன் பேரா எழுதியிருக்கும்?

"நோடம்மா, இதைப் பாருங்க," என்றார் டாக்டர். "பெங்களூர்லேர்ந்து ஃபேக்ஸ் வந்திருக்கு. நஞ்சன்கூடு ஆட்டுல இருக்கிற வைரஸ் வேற வம்சம்."

"கிருமிக்கு ஏதுங்க வம்சம்?"

"நமக்கு இருக்கிற மாதிரிதான். ஜீனைப் பார்த்தா எதுக்கு எது சொந்தம்னு தெரிஞ்சிடும். பாவாயியம்மா கிடாவுக்கும் மூக்கு ஒழுகுச்சு, அந்தச் சளியையும் அனுப்பினேன். அதுல இருந்த வைரஸும் உங்க ஆட்டுல இருக்கிறதும் அச்சு அசல் ஒண்ணு."

வாசலில் நிழல் தட்டியது. பாவாயி நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று முகமே சொன்னது.

வடிவு முந்திக்கொண்டாள்.

"ஆமா, நாந்தான் ஓட்டியாந்தேன்! இருக்கறது பத்தாதுன்னு இன்னொண்ணு வாங்கி ஒளிச்சு வெச்சியே, அதென்ன மைசூர் மகாராசா கிடாவா? ஒரு நாளு என்ற பட்டிக்கு வந்தா உனக்கு என்ன கொறஞ்சு போச்சு? நோய்க்கிடாவ வாங்கியாந்து என்ற குடியக் கெடுத்துட்டியே அக்கா!"

பாவாயி பதிலுக்குக் கத்துவாள் என்றுதான் வடிவு காத்திருந்தாள். அவளோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"புது உருப்படிய உடனே மந்தையில விடாதீங்க, தனியாக் கட்டிப் பாருங்கன்னு டாக்டருதான் சொன்னாரு. நோவு இல்லைன்னு தெரிஞ்சப்பறம் ஓட்டியாந்து உன்ற கையில குடுக்கலாம்னு இருந்தேன். அது உனக்குன்னு வாங்குன கிடா, வடிவு."