முதல் சீட்டைக் கொடுத்தவன்

முதல் சீட்டு ஷாநவாஸுக்கு விழுந்தது. அதைக் கொண்டுபோய் பர்கத்துல்லாவிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“டேய், உனக்கு மூளை கீளை இருக்கா?” என்று அவன் கூட்டாளி நிஹால் அத்தனை பேர் முன்னாலும் கேட்டான்.

கேட்கத்தான் செய்வான். தின்கன்ஜூன் பேட்டைத் தெருப் பந்தாட்டத்தில் நாலு அணி. மூன்று வருஷமாக ஒரே அணி கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனதில் சண்டை வந்து, ஊ பாரி என்று எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடும், ஆட்டத்தை நடத்துகிற அப்துல் பாரி ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார்.

மழைக்காலம் தொடங்கும்போது அணிகளைக் கலைத்துவிடுவார். ஆட வருகிற எல்லார் பெயரையும் டீக்கடைக் கரும்பலகையில் எழுதுவார். நாலு தலைவர்களும் சீட்டு எடுத்து, விழுந்த வரிசைப்படி சுற்றுக்கு ஒருவராகக் கூப்பிட வேண்டும். வரிசையைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், அது அவரவர் சாமர்த்தியம். ஆட்டக்காரர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். கடைசிவரை பலகையில் நிற்கிற பெயருக்கு ஒரு கைதட்டல் உண்டு. அதை வாங்கியவன் அந்த வருஷம் முழுக்க டீக்கடைப் பக்கம் தலைகாட்ட மாட்டான்.

முதல் சீட்டு என்றால் சந்திரமோகன். அதில் பேச்சே கிடையாது. போன வருஷம் தனியாளாகப் பதினொரு கோல் போட்டவன்.

நாலாவது சீட்டு விழுந்த பர்கத்துல்லா சும்மா இருப்பானா? ஜவுளிக்கடைக்காரர் மகன். எதையும் விலைக்கு வாங்கிவிடலாம் என்று நினைக்கிற ஜாதி. நேராக ஷாநவாஸிடம் வந்தான்.

“உன் முதல் சீட்டு எனக்கு. என் நாலாவது உனக்கு. ரெண்டாவது சுத்துலயும் என் முறையை நீயே எடுத்துக்க. கணக்குச் சரியா வரணும்ல, கடைசிச் சுத்துல உன் முறையையும் சேர்த்து மிஞ்சுற ரெண்டு பேரை நான் எடுத்துக்கறேன்.”

டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. ஒரு நல்ல ஆட்டக்காரன் இருந்தால் போதும், எதைக் கொடுத்தாவது வரிசையில் மேலே ஏறணும் என்றது ஒரு பெஞ்சு. அவன் காலில் ஒரு அடி விழுந்தால் அணியே படுத்துவிடும், கீழே இறங்கி ரெண்டு நல்ல ஆளாக எடுப்பதுதான் புத்தி என்றது இன்னொரு பெஞ்சு. ஆனால் சந்திரமோகனை விட்டுக்கொடு என்று சொல்ல அந்த பெஞ்சுக்கும் வாய் வரவில்லை.

ஷாநவாஸ் ஒரே வார்த்தையில் சரி என்றுவிட்டான்.

பிறகு கேட்கணுமா! ஜவுளிக்கடையிலிருந்து இவனுக்குச் சட்டைத்துணி போயிருக்கும் என்றார்கள். பத்தாங்கிளாஸில் ரெண்டு தடவை கோட்டைவிட்டவனிடம் தலைவன் பதவியைக் கொடுத்தால் இப்படித்தான் என்றார்கள். போன வருஷம் இவன் அணி கடைசி. இந்த வருஷமும் கடைசி என்றால் பதவி போச்சு என்று ஊ பாரி முன்பே சொல்லியிருந்தார். ஊரில் அவனுக்கு மிச்சமிருந்த ஒரே மரியாதை அதுதான்.

“என் சீட்டு, என் இஷ்டம்,” என்றான் ஷாநவாஸ். “யார் அழறாங்கன்னு கடைசியில பார்த்துக்குவோம்.”

அவனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. இருபது நாளுக்கு முன்னால் கியாக்தான் படகுத்துறையில் சந்திரமோகனைப் பார்த்திருந்தான். வலது முட்டியில் கட்டு. கையில் கம்பு. படகில் ஏற்றிவிட ரெண்டு பேர் வேண்டியிருந்தது. யாரிடமும் சொல்லாதே, மழைக்குள் சரியாகிவிடும் என்று சந்திரமோகன் கெஞ்சினான். சரியாகிற முட்டியா அது?

ஷாநவாஸ் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தான். அணியில் எடுக்கிறேன் என்று கொடுக்கவில்லை.

பர்கத்துல்லா எழுந்து நின்று முதல் பெயரைச் சொன்னான். “சந்திரமோகன்.”

விசில் பறந்தது. சந்திரமோகன் எழுந்திருக்காமலேயே கையைத் தூக்கினான். ஷாநவாஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தன் முறை வந்ததும் துரைசாமியை எடுத்தான், அடுத்த சுற்றில் இன்னும் ரெண்டு நல்ல ஆட்களை எடுத்தான். கூட்டம் கலைவதற்குள் நிஹாலே அவன் முதுகில் தட்டி, “பரவாயில்லடா” என்றான்.

இருபது நாள் ரகசியத்தைக் காத்த ஷாநவாஸுக்கு, ஜெயித்த பிறகு அதை மனசில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்த பர்கத்துல்லாவிடம் போய் நின்றான்.

“நான் உன்னை ஏமாத்திட்டேன். சந்திரமோகன் முட்டி போச்சு. தெரிஞ்சேதான் சீட்டைக் கொடுத்தேன். வருத்தமெல்லாம் இல்ல. திட்டணும்னா திட்டிக்க.”

பர்கத்துல்லா நிமிரக்கூட இல்லை.

“முட்டி போனது தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனதே நான்தான்.”

ஷாநவாஸுக்குப் புரியவில்லை. “தெரிஞ்சுமா ரெண்டு நல்ல ஆளை விட்டே? உன் அணி தோத்துடுமே.”

“தோத்தா தோத்துட்டுப் போறோம்.” பர்கத்துல்லா சைக்கிளில் ஏறிக்கொண்டான். “நீ அவனைக் கியாக்தான்ல பார்த்ததை அவனே எங்கிட்ட சொன்னான். சீட்டு உனக்கு விழுந்ததும் அவன் தலை தொங்கிடுச்சு. நீ அவன் பேரைக் கூப்பிட மாட்டேன்னு அவனுக்குத் தெரியும். முதல் சீட்டுக்காரனே விட்டுட்டா மத்தவங்களும் சந்தேகப்பட்டு விட்டுடுவாங்க, கடைசிக் கைதட்டல் அவனுக்குத்தான் விழும். நான் விலை கொடுத்து வாங்கினது ஆட்டக்காரனை இல்ல, அந்தப் பேரை முதல்ல கூப்பிடுற உரிமையை.”