ஓரத்தில் நின்று பார்த்தால்

"நேரா நின்னு பாத்தா எல்லா டிவியும் நல்லாத்தான் இருக்கும், தம்பி. ஓரத்துல நின்னா எப்படித் தெரியும், அதச் சொல்லுங்க."

சாமுண்டீஸ்வரியின் கேள்வி ரஞ்சனுக்குப் பிடித்துப்போனது. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் உள்ள அந்தக் கடையில் ஆறு வருடமாக டிவி விற்கிறான். வருகிறவர்கள் எத்தனை இஞ்ச் என்பார்கள், தவணை உண்டா என்பார்கள். ஓரத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

"அதோட, நாளைக்கு ராத்திரி எட்டரைக்குள்ள வீட்டுல மாட்டி ஓடணும். கல்யாணம் இருக்கு."

"யாருக்கு ஆன்ட்டி?"

"சீரியல்ல," என்றார் அவர் கணவர் அழகப்பன். காட்சிக்கு வைத்திருந்த சோபாவில் அதற்குள் சாய்ந்துவிட்டிருந்தார்.

சாமுண்டீஸ்வரி கேட்டுக்கொண்டபடி, அந்த சீரியலின் நேற்றைய பகுதியையே வரிசையாக இருந்த மூன்று டிவி திரைகளிலும் ஓடவிட்டான் ரஞ்சன்.

"மொதல்ல இந்தக் கியூலெட் டிவியைப் பாருங்க. வெளிச்சம் தூக்கலா இருக்கும். பட்டப்பகல்லகூட பளிச்சுனு தெரியும்."

பளிச்சென்றுதான் இருந்தது. மணப்பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய பட்டின் சிவப்பு கண்ணைப் பறித்தது.

"இதையே எடுத்துடலாம் லா," என்றார் அழகப்பன்.

சாமுண்டீஸ்வரி வலப்பக்கமாக நடந்து, ஃபிரிட்ஜ் வரிசையைத் தாண்டி, அங்கிருந்த உயரமான ஃபேனுக்குப் பின்னால் போய் நின்றார். அதன் கம்பிகளுக்கு இடையே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பொண்ணு முகம் வெளுத்துப் போச்சு. பொடவை ரோஸ் ஆயிடுச்சு."

"அவ்வளவு ஓரத்துல நின்னா அப்படித்தான் ஆன்ட்டி. இந்தத் திரை நேரா உக்காந்து பாக்கறவங்களுக்கு."

"நேரா பாக்க இவரு இருக்காரு. எதைப் போட்டாலும் பத்து நிமிஷத்துல குறட்டை."

அழகப்பன் கொட்டாவி விட்டார்.

ரஞ்சனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஐந்து நிமிடம் பேசினால் போதும், ஒரு குடும்பத்தின் ஹால் எப்படி இருக்கும் என்று அவனால் சொல்லிவிட முடியும். சோபாவில் அங்கிள். சமையலறை வாசலில் கரண்டியோடு ஆன்ட்டி. எத்தனை வீடு பார்த்திருக்கிறான்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. ஆன்ட்டியும் கொஞ்சம் நிம்மதியா உக்காந்து பாக்கட்டுமே."

அழகப்பன் மனைவியைப் பார்த்தார். மனைவி திரையைப் பார்த்தார்.

"என்னைய ஏன்பா இழுக்கறே," என்றார் அழகப்பன். "அது பெரிய கதை."

ரஞ்சன் அடுத்த திரைக்குப் போனான். "இது எல்இடி. ஆனா எந்தப் பக்கம் நின்னாலும் நிறம் மாறாத வகை. ஒரே ஒரு குறை, கறுப்பு கொஞ்சம் சாம்பலாத் தெரியும்."

மறுபடியும் ஃபேனுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "வில்லி இருட்டுல கதவுக்குப் பின்னாடி நிக்கறா. இங்கேருந்து பாத்தா ஒரே பொகமூட்டமா இருக்கு. அவ நிக்கறது தெரியலன்னா நாளைக்குக் கல்யாணம் ஏன் நிக்குதுன்னே புரியாது."

"அப்ப ஓலெட்தான் ஆன்ட்டி. இதுல பின்னாடி விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும். இருட்டு இருட்டாவே இருக்கும், ஓரத்துலயும் முகம் வெளுக்காது. ஆனா வெயில் பட்டா கொஞ்சம் மங்கலாத் தெரியும்."

"ஈசூன்ல எங்க வீட்டுல ராத்திரி எட்டரைக்கு வெயில் அடிக்காது."

ஃபேனுக்குப் பின்னால் நின்றவர் இந்த முறை முழங்காலை மடக்கி, நாலு விரற்கடை உயரம் குறைந்து பார்த்தார். பாவம், கால்வலியோடுதான் இத்தனை நேரமும் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டான் ரஞ்சன்.

"சத்தத்த கொஞ்சம் கூட்டுங்க. போதும். பேசறது கேக்குது. கண்ணு தண்ணிகூட தெரியுது." நிமிர்ந்தார். "இதுதான்."

"வெல மத்த ரெண்டை விடக் கூட, ஆன்ட்டி."

"இருக்கட்டும். நாளைக்கு வருமா?"

வழக்கமாக மூன்று நாளாகும். ரஞ்சன் கிடங்குக்கு போன் போட்டுக் கெஞ்சி, மறுநாள் மாலை ஐந்து மணிக்கே வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தான். ஆறு வருடத்தில் இவ்வளவு மனநிறைவோடு அவன் எந்த டிவியையும் விற்றதில்லை.

"ரெண்டு பக்கமும் திருப்பற மாதிரி சுவர்ல மாட்டித் தரச் சொல்றேன். கிச்சன் பக்கமா திருப்பி வச்சுக்குங்க."

"கிச்சன் பக்கம் எதுக்கு? சமைக்கிறது இவருதானே."

பில் எழுதிக்கொண்டிருந்த ரஞ்சனின் பேனா நின்றது.

"வெளியில எல்லாரும் நடக்கற காரிடார் இருக்குல்ல, அந்த ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லுங்க," என்றார் சாமுண்டீஸ்வரி. "பக்கத்து வீட்டுப் பூவம்மாவோட டிவி கெட்டு ஒரு மாசமாச்சு. எட்டரை ஆனா செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி எங்க ஜன்னல் கம்பிகிட்ட வந்து நிக்கறாங்க. என்னைவிட நாலு விரல் குட்டை வேற. எங்க பழைய டிவில ஓரத்துலேருந்து ஒண்ணும் தெரியாது. கல்யாணத்தையாவது ஒழுங்காப் பாக்கட்டும்."

"இதுக்கா ஆன்ட்டி புது டிவி? உள்ள கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சா முடிஞ்சுது."

சாமுண்டீஸ்வரியின் முகம் இறுகியது.

"உள்ள கூப்பிடறதா? எனக்கும் அந்த அம்மாவுக்கும் நாலு வருஷமாப் பேச்சுவார்த்தையே கிடையாது."